நல்ல காதுப் பக்கம்

எண்ணூர்
18.8.2025

ஷிஜி டீச்சரம்மாவுக்கு, நீ குடியிருந்த மாடி வூட்டோட ஓனரு சவரிநாதன் எயுதிக்கறது.

நல்லா கீறியா? நா நல்லா கீறேன். இது பொய்யி. ஆனா லெட்டர்னா இப்டித்தான் ஆரம்பிக்கணும்னு அஞ்சாங்கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்கோ. அதுக்கப்பறம் நா இஸ்கூலு பக்கம் போவல. வேற மேரி ஆரம்பிக்கத் தெரியாது.

போன் பண்ணா நீ எடுக்க மாட்ற. எடுத்தாலும் எனுக்குக் கேக்கவா போவுது? ஹார்பர்ல கப்பலுக்குள்ள குந்திகினு சுத்தியால துரு தட்டித் தட்டியே சோத்தாங்கை பக்கத்துக் காது சுத்தமா பூட்ச்சி. பீச்சாங்கை பக்கம் கொஞ்சம் கேக்கும், அதுவும் ஆளு ஒட்டிக் குந்துனாதான். அதான் பேனா புடிச்சிக்கீறேன். கோயி கிளறுன மேரி கீதுன்னு சிரிக்காத. நீ செவப்பு மை போட்டுத் திருத்தித் திருப்பி அனுப்புனாலும் அனுப்புவ.

உன் கருவேப்பிலத் தொட்டிக்கு டெய்லி தண்ணி ஊத்தறேன். லாரி தண்ணிதான், பயப்படாத. கால்வா ஓரத்துப் பம்பு தண்ணி ஊத்துனா செடிக்கும் பேதி புடுங்கும்னு சொல்லுவியே.

எதுத்தாப்புல ஞானத்தோட இட்லிக் கடை இன்னும் தொறக்கல. சாக்கு போட்டு மூடி வச்சிக்கீது. காலைல நா மஜீது பாய் கடைல பன்னும் டீயும். பாய் நல்லவரு, திட்டவே மாட்டாரு. அதான் பேஜாரே. ஞானம்னா தட்டு வக்கிம்போதே திட்டும். "யோவ் கெய்வா, சட்டினிய நக்கித் தீக்காத, பின்னால கீறவனும் துண்ணணும்"னு. எனுக்குக் காது கேக்காது, ஆனா வாயி அசையறத பாத்தே பாதி வயிறு ரொம்பிடும். எம் பொஞ்சாதி போனப்பறம் என்னிய ஒயுங்கா திட்டுனது அந்தப் பொம்பள ஒண்ணுதான்.

தெருவுல இன்னா பேசிக்கறாங்கன்னா, டீச்சரு ஓடிட்டாங்களாம். "ஓடலப்பா, ரிசர்வேசன் பண்ணி ரயில்ல போனாங்கோ"ன்னு சொல்லிட்டேன். அப்பால இன்னொண்ணும் சொல்றானுங்கோ. "ஞானம் வூட்டு லாரி தண்ணியே கறுத்துப் பூட்ச்சாம், அப்ப லாரியும் ஒண்ணுதான், பம்பும் ஒண்ணுதான், டீச்சரு வச்ச பாட்டிலே டுபாக்கூரு"ன்னுட்டு பம்புலயே குடம் குடமா அடிச்சிகினு போறாங்கோ.

எப்ப வர்ற? வரும்போது உங்கூரு நேந்திரங்கா சிப்சு வாங்கினு வா. எனுக்குப் பல்லு இல்லதான். ஊற வச்சித் துண்றேன்.

சவரி


கருங்கல்
25.8.2025

அன்புள்ள சவரி அங்கிளுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருத்தவில்லை. படித்துவிட்டு வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன். பிறகு ஞானம் அக்கா கடையைச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறது என்ற இடத்துக்கு வந்தேன். அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை.

போனை நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன். அந்தப் படம் இன்னும் யார் யார் கையிலோ சுற்றிக்கொண்டிருக்கும். அதை எடுத்தவளும் அனுப்பியவளும் நானேதான்.

உங்களுக்கு நடந்ததை யாரும் உரக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்பை முகத்துவாரத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். சேற்றை அள்ளிப் பார்த்தோம், சாம்பல் நிறத்தில் இருந்தது. "இதையெல்லாம் யார் செய்தது?" என்று கேட்டதும் எல்லாக் கைகளும் புகைபோக்கிகளைக் காட்டின. அது உண்மைதான். ஆனால் அந்தக் கைகளுக்குப் பின்னால், நம் வீடுகளின் கக்கூஸ் குழாய்கள் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தன. அதன் கரையில்தான் பம்பு. அதை யாரும் காட்டவில்லை. அதைக் காட்டத்தான் அந்தச் சின்னப் பாட்டில்களை வாங்கினேன். உள்ளே மருந்து தடவிய காகிதம் இருக்கும். தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் போதும், மலக்கழிவு கலந்த தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும்.

வீட்டில் குடிக்கும் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். பரீட்சைத் தாளில் பெயர் எழுதச் சொல்வதுபோல, யோசிக்காமல், பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டவும் சொன்னேன். ஞானம் அக்காவின் மகள் அனிஷா ஒரு பூ வரைந்து, "அனிஷா, ஞானம் இட்லிக் கடை" என்று எழுதியிருந்தாள். பம்புத் தண்ணீர் எல்லாம் கறுத்தது. லாரித் தண்ணீர் எல்லாம் தெளிந்து நின்றது, அனிஷாவுடையதைத் தவிர. அது மையாகக் கறுத்திருந்தது. ஜன்னலில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டேன். பாடம் நன்றாக வந்துவிட்ட பெருமை.

மறுநாள் ஞானம் அக்கா பள்ளிக்கு வந்தார். கையில் மாவுகூடக் காயவில்லை. "இட்லிக்கி நா லாரி தண்ணியத் தவிர எதையும் தொடறதில்ல டீச்சர்" என்றார். நான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், மூடி வையுங்கள் என்று பிள்ளைகள் முன்னால் பாடம் நடத்தினேன். அவர் அனிஷாவைப் பார்த்தார். அனிஷா தரையைப் பார்த்தாள். கொஞ்ச நாள் விடுப்பில் போங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

தீபாவளியோடு விடுப்பு முடிகிறது. ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். அண்ணன் வீட்டில் எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள், எதுவும் கேட்பதில்லை, சாப்பிடக் கூப்பிடுவதைத் தவிர. இங்கே கிணற்றுத் தண்ணீர் இனிக்கிறது. ஒவ்வொரு வாய் குடிக்கும்போதும் உங்கள் தெருப் பிள்ளைகள் பம்பில் குனிந்து குடிப்பது கண்ணில் வருகிறது.

முடிந்தால் ஒன்று செய்யுங்கள். அனிஷா பள்ளிக்குப் போகிறாளா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஷிஜி


எண்ணூர்
3.9.2025

டீச்சரம்மா,

போவல. அன்னிலேந்து அனிஷா இஸ்கூலு பக்கமே போவல. உக்காரச் சொல்லலன்னு நீ அங்க அயுவுற, அது இங்க வாயே தொறக்க மாட்டுது. ரெண்டு பேரும் நல்ல ஜோடி.

ஆனா எங்கிட்ட பேசிச்சி. அத்தக் கேளு.

நா சாயந்தரம் கடலோரத்துக் கருங்கல்லு மேல குந்திகினு கீறது உனுக்குத் தெரியும். நேத்து அனிஷா வந்து பக்கத்துல குந்திச்சி. சோத்தாங்கை பக்கம், செவுட்டுக் காது பக்கம். வேணும்னேதான். செவுத்துக்கிட்ட பேசற மேரி எங்கிட்ட பேசிகினு இருந்திச்சி. அதுக்கு இன்னா தெரியும்? கப்பலு அடில நாங்கோ அம்பது பேரு சுத்தி அடிக்கச் சொல்ல எவன் காது கேக்கும்? வாய் அசையறத பாத்துதான் பீடி கேப்போம், கெட்ட வார்த்த பேசுவோம், சண்ட கூடப் போடுவோம். நா கடல பாக்கற மேரி ஓரக்கண்ணால பாத்தேன்.

அது சொன்னிச்சி: "தாத்தா, நா லாரி தண்ணி எடுத்துகினு போவல. எல்லாரு பாட்டில விட நம்மளுது சோக்கா வரணும்னு மாதா தீர்த்தத்த ஊத்திகினு போனேன். அதுவே கறுத்துப் பூட்ச்சி தாத்தா. சொன்னா மாதாவுக்கு அசிங்கம். சொல்லலன்னா அம்மாவுக்கு அசிங்கம்."

அப்பால மூக்க சிந்திட்டு, "உனுக்குக் கேக்காது, நீ குடுத்து வச்சவன்"னிச்சி. நா "இன்னா, காத்து ஜாஸ்தியா கீது?"ன்னேன். ஏந்துச்சிப் பூட்ச்சி.

அந்தத் தீர்த்தம் எதுன்னு உனுக்குத் தெரியாது. நீ இங்க வர்றதுக்கு மின்னாடி போன வருசம் அனிஷாவுக்கு மஞ்சக்காமால வந்து கண்ணெல்லாம் எலுமிச்சம்பயம் மேரி ஆயிப் பூட்ச்சி. பொயைக்காதுன்னுட்டாங்கோ. ஞானம் வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிகிச்சி. புள்ள பொயைச்சிது. ஆனா கடைய வுட்டுட்டு ஞானம் எங்க போவும்? அதான் அதுக்குப் பதிலா நா போயி, மண்ணுல முட்டி போட்டே நவந்து, மாதா கொளத்துல தீர்த்தம் புடிச்சிகினு வந்து குடுத்தேன். என் முட்டில கீற தழும்ப பாத்துட்டு, "இன்னா அங்கிள், திருடப் போயி வியுந்தீங்களா"ன்னு நீ கேட்டியே, அது அதான்.

பாட்டிலு ஒரு வருசமா தீரவே இல்ல. எப்டித் தீரும்? காலைல எல்லாரும் வெரல வுட்டு நெத்தில சிலுவ போட்டுக்குவாங்கோ. கொறைஞ்சா சாதா தண்ணிய ஊத்தி நெரப்பிக்குவாங்கோ. தீர்த்தத்துல சேந்த தண்ணியும் தீர்த்தம்னு எங்காளுங்க வயக்கம். லாரி தண்ணி இட்லிக்கே பத்தாது. நெரப்புனது எந்தத் தண்ணின்னு நீயே சொல்லு, படிச்சவ.

சவரி


கருங்கல்
10.9.2025

அன்புள்ள அங்கிள்,

பம்புத் தண்ணீர்! கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் தனியாகச் சத்தம் போட்டுவிட்டேன். அண்ணி பயந்துபோய் ஓடி வந்தார்.

எல்லாம் பொருந்துகிறது. தீர்த்தத்தில் பழுதில்லை, கோயில் மேலும் பழியில்லை. நிரப்பிய தண்ணீர்தான் கறுத்திருக்கிறது. ஞானம் அக்காவின் இட்லித் தண்ணீர் சுத்தம். பாட்டிலும் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. இதைத் தெருவில் சொன்னால் கடை திறந்துவிடும், பம்பையும் நிறுத்திவிடுவார்கள். நானே வந்து சொல்கிறேன். அந்தத் தீர்த்தத்தில் கொஞ்சம், லாரித் தண்ணீரில் கொஞ்சம், பம்புத் தண்ணீரில் கொஞ்சம் என்று எல்லார் முன்னாலும் வைத்தால் போதும். கண்ணால் பார்த்துவிட்டு யார் மறுப்பார்கள்?

டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஷிஜி


எண்ணூர்
16.9.2025

டீச்சரம்மா,

டிக்கெட்டக் கேன்சலு பண்ணு.

நீ அறிவாளி, ஒத்துக்கறேன். ஆனா நீங்கோ வேற சபை, மாதாவுக்கு மெயுகுவத்தி ஏத்தாத கூட்டம். கருங்கல் ஊருலேந்து ஒரு டீச்சரு எறங்கி வந்து, எங்க தெரு நடுவுல மேச போட்டு, மாதா தீர்த்தத்த கறுப்பாக்கிக் காட்டப் போற. கண்ணால பாத்தா ஒத்துக்குவாங்களா? பாக்கவே வர மாட்டாங்கோ. வந்தவனும் பாட்டில ஒடைப்பான்.

அத்த வுடு. ஞானத்த நெனச்சிப் பாரு. எம் புள்ள மாதாவாலதான் பொயைச்சிதுன்னு நெனச்சிகினுதான் அது தெனம் விடிய மின்னாடி ஏந்து மாவு ஊத்துது. புருசனும் இல்ல. நீ போயி, "அக்கா, புள்ளைக்கு நோவு குடுத்ததே அந்தப் பம்புதான், அதே தண்ணிய நீ சாமி மாடத்துல வச்சி டெய்லி புள்ள நெத்தில தடவுன"ன்னு சொல்லப் போறியா? சொல்லு. கடை தொறக்கும். மாவு ஊத்தக் கை வருமா?

சொல்லாம வுட்டாலும் தப்பு. நேத்து பம்பாண்ட நம்ம தெரு ஜெரால்டு பேரப்புள்ள வாய வச்சிக் குடிக்குது. பக்கத்துலயே எலி ஒண்ணு செத்துக் கெடக்குது. "டேய், குடிக்காதடா"ன்னேன். ஜெரால்டு சொல்றான், "போ மாமு, ஞானம் வூட்டு இட்லி துண்ணு நீயே சாவல, இவன் சாவப் போறானா"ன்னு.

நா ஒண்ணு ரோசன பண்ணி வச்சிக்கீறேன். கேக்காத. இந்தத் தெருவுல சவரிநாதன் எத்தச் சொன்னாலும் நம்பாத ஆளுங்கோ, ஒண்ணே ஒண்ண மட்டும் ஒடனே நம்புவாங்கோ. அத்த எடுத்து வுடப் போறேன்.

சவரி


கருங்கல்
20.9.2025

அங்கிள்,

நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? தயவுசெய்து என்னைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். அவசரப்பட்டு ஒரு படம் அனுப்பி நான் பட்டது போதும்.

ஞானம் அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். பிள்ளைகளிடம் "பார்த்ததை மட்டும் எழுது" என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்திருக்கிறேன். பார்த்ததைச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உடனே பதில் போடுங்கள்.

ஷிஜி


எண்ணூர்
29.9.2025

டீச்சரம்மா,

உன் லெட்டரு வந்திச்சி. நேத்து ஞாயித்துக்கெயம பூச முடிஞ்சி எல்லாரும் கோயிலு வாசல்ல குந்திகினு கீறச் சொல்ல வேலய முடிச்சிட்டேன்.

தொண்டயக் கனைச்சிகினு, "எல்லாரும் கேளுங்கோ, நா ஒரு கேப்மாரித்தனம் பண்ணிட்டேன்"னேன். ஒடனே எல்லாரும் சிரிச்சிட்டாங்கோ. டமாசுன்னு நெனச்சாங்கோ. அப்பால சொன்னேன், போன வருசம் நா வேளாங்கண்ணிக்கிப் போவவே இல்லன்னு. வயில ஒரு டேசன்ல எறங்கி, ஒயின்ஷாப்புல குந்தி, நல்லா ஊத்திகினு, திரும்பி வரச் சொல்ல எதோ ஒரு கொயாயில பாட்டிலு ரொப்பிகினு வந்துட்டேன்னு. அந்தத் தண்ணியதான் பாவம் அனிஷா தீர்த்தம்னு நெனச்சி இஸ்கூலுக்கு எடுத்தும் போச்சி, அது மாதா பாட்டில்லேந்து ஊத்தறத எதுத்தாப்புலேந்து பாத்தேன், வெக்கப்பட்டுகினு சொல்லாம வுட்டுட்டேன்னு.

யாரும் சிரிக்கல இப்ப.

ஞானம் முன்னால வந்து நின்னிச்சி. வாய பாத்தேன். "முட்டி போட்டு போனேன்னியே"ன்னு கேட்டிச்சி. "அதுவும் பொய்யி. குடிச்சிட்டு ஜல்லி மேல வியுந்தேன்"னேன்.

திட்டும்னு நெனச்சேன் டீச்சரு. தெருவே நாறற மேரி திட்டும்னு தயாரா நின்னேன். திட்டல. முந்தானைய வாயில வச்சிகினு வூட்டுக்குப் பூட்ச்சி. பாட்டில எடுத்தாந்து எல்லாரு கண்ணு முன்னாலயும் சாக்கடைல கவுத்துது.

ஜெரால்டுதான் ரொம்ப நேரம் கயிச்சி கேட்டான். "அப்ப அந்த டீச்சரு பாட்டிலு கரிட்டாதான் காட்டிச்சா?" "கலீஜ் தண்ணி கறுத்துது. அதான் அதோட வேல"ன்னேன். "அப்ப பம்பு?"ன்னான். அவனே பேரப்புள்ளய ஒரு தடவ பாத்தான். சாயந்தரமே பசங்கோ பம்பு கைப்புடியக் கய்ட்டி அவன் வூட்டு மேல போட்டுட்டானுங்கோ. இன்னொரு நடை லாரி கேட்டு எல்லாரும் கையெயுத்து போட்டுகினு கீறாங்கோ. என்னிய மட்டும் யாரும் கேக்கல.

இன்னிக்கி காலைல ஞானம் கடை தொறந்துட்ச்சி. நல்ல கூட்டம். நா போயி பெஞ்சில குந்துனேன். எல்லாருக்கும் தட்டு வச்சிது. எனுக்கு வைக்கல. கெய்வான்னு கூடச் சொல்லல. கொஞ்ச நேரம் குந்திகினு இருந்துட்டு மஜீது பாய் கடைக்கி வந்துட்டேன்.

ஒரு விசயம் சொல்லட்டா? இத்தினி வருசம் இந்தத் தெருவுல கீறேன். நா அப்டிச் சொன்னப்ப ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு கூட "சே சே, சவரி அப்டி செய்ய மாட்டான்"னு சொல்லல. அத்த நம்பிதான் எடுத்து வுட்டேன். அது பலிச்சிது. அப்பறம் ஏன் பேஜாரா கீது?

நீ வந்தா என்னிய காட்டிக்குடுக்காத. அவ்ளோதான்.

சவரி


கருங்கல்
5.10.2025

அன்புள்ள அங்கிள்,

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். தீபாவளி கழிந்து வருகிறேன். முதல் நாள் காலையில் ஞானம் அக்கா கடைக்குத்தான் போவேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், இந்த முறை அவரை உட்காரவைத்துவிட்டு. அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன்.

இனிப் பாட்டிலில் பெயர் கிடையாது. எந்தக் குழாய் என்று மட்டும் எழுதுவோம். முதல் பாட்டில் பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீர். கறுத்தால் கறுக்கட்டும், முதலில் எங்கள் மேலேயே விழட்டும்.

உண்மையைச் சொல்லி நான் மூடவைத்த கடையை, நீங்கள் பொய் சொல்லித் திறந்துவைத்திருக்கிறீர்கள். உங்கள் கடைசிக் கேள்விக்குச் சமாதானமாக ஏதாவது எழுதலாம். அது உங்களுக்குப் பிடிக்காது. இதை மட்டும் சொல்கிறேன்: நான் அந்தத் தெருவில் இருந்திருந்தால், "சவரி அங்கிள் அப்படிச் செய்ய மாட்டார்" என்று ஒரு குரல் கேட்டிருக்கும். உங்கள் திட்டமும் கெட்டிருக்கும். நான் இல்லாமல் போனது நல்லதா கெட்டதா என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன்.

காட்டிக்கொடுக்க மாட்டேன். சிப்ஸ் வாங்கிவிட்டேன்.

ஷிஜி


எண்ணூர்
11.10.2025

டீச்சரம்மா,

சிப்சு பொடியா நொறுக்கி எடுத்துகினு வா. ஊற வைக்கற வேல மிச்சம்.

ஞானம் கடைல இன்னும் எனுக்குத் தட்டு இல்ல. நீ வந்து உன் பேர்ல வாங்கிக் குடுக்காத, அது கண்டுபுடிச்சிடும். பன்னு பயகிப் பூட்ச்சி. அனிஷா இஸ்கூலுக்குப் போவுது. ரெண்டு சட போட்டுகினு போறத இங்கேந்து பாத்தேன்.

நேத்து சாயந்தரம் கருங்கல்லு மேல குந்திகினு இருந்தேன். அனிஷா வந்திச்சி. நா நவந்து சோத்தாங்கை பக்கம் எடம் வுட்டேன். அது சுத்திகினு வந்து பீச்சாங்கை பக்கம் குந்திச்சி. ஒட்டிக் குந்திச்சி.

அப்பால என் லுங்கி ஓரத்த லேசா தூக்கி முட்டிய பாத்துது. தழும்பு ரெண்டு முட்டிலயும் சமமா கீது, மண்ணு ஏறி அப்டியே ஆறிப்போனது. ஜல்லில வியுந்தவனுக்கு அப்டி வராது. எட்டாங்கிளாஸ் புள்ளைக்கு அது தெரியாதா? எல்லாம் நீ குடுத்த படிப்பு.

நல்ல காதுல வாய வச்சி மெதுவா கேட்டிச்சி, "முட்டி இன்னும் வலிக்குதா தாத்தா?"

"இன்னா? கேக்கல"ன்னேன்.

சவரி